இருந்ததைக் கண்டார்களா, இல்லாததைப் படைத்தார்களா: கணிதப் படைப்பாற்றல் பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு கணிதவியலர் புதிய தேற்றம் ஒன்றை எட்டும்போது, அது முன்பே எங்கோ இருந்து அவர் கண்ணில் பட்டதா, அவரே படைத்ததா என்பது உங்கள் முதல் கேள்வி. முன்பே இருந்ததென்றால் அதில் படைப்பாற்றலுக்கு என்ன வேலை என்றும், ராமானுஜனுக்கு வந்ததுபோல் மின்னலாக வரும் விடைகள் புலன்களுக்கு எட்டாத ஓர் உலகம் உண்டென்பதற்குச் சான்றாகுமா என்றும் அதைத் தொடர்ந்து கேட்கிறீர்கள். இத்தகைய நம்பிக்கைகள் கணிதம் செய்வோருக்கு உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இவை ஒரே கேள்வியின் கிளைகள்போலத் தோன்றினாலும், ஒரு மனம் புதிய எண்ணத்தை எப்படி அடைகிறது என்பது உளவியல். அடையப்பட்டது எவ்வகையில் இருக்கிறது என்பது மீவியற்பியல், அதாவது இருப்பின் அடிப்படை இயல்பை ஆராயும் தத்துவம். எந்த நம்பிக்கை பயன் தருகிறது என்பது வரலாறு. நான் இயற்கணிதம் படித்து அதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன். கணிதத் தத்துவத்தையும் முறையாகப் பயின்றிருக்கிறேன். உளவியலில் எனக்குப் பயிற்சி கிடையாது. ஆகவே அந்தப் பகுதியில், கணிதவியலர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்தவற்றைத் தாண்டி நான் செல்லப் போவதில்லை.

அப்படி எழுதி வைத்தவற்றில் அதிகம் பேசப்படுவது ஆன்றி புவான்காரே 1908-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு. ஃபுக்ஸியச் சார்புகள் என்று அவர் பெயரிட்ட ஒரு வகைச் சார்புகளைப் பற்றி அவர் ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. வேலையை விட்டுவிட்டு ஒரு பயணம் கிளம்பியவர், கூட்டான்ஸ் என்ற ஊரில் குதிரை வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில், அச்சார்புகளை வரையறுக்கத் தாம் பயன்படுத்திய உருமாற்றங்களும் யூக்ளிடின் இணைகோட்டு விதி செல்லாத யூக்ளிடியமல்லாத வடிவியலின் உருமாற்றங்களும் ஒன்றே என்பதைக் கண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார், சரிபார்க்கவில்லை, ஆனாலும் ஐயத்துக்கே இடமில்லாத உறுதி மனத்தில் இருந்தது என்கிறார். இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே கட்டுரையில் அவர் அழுத்திச் சொல்லும் வேறு இரண்டு செய்திகள் ஏனோ விடுபட்டுப் போகின்றன. ஒன்று, இத்தகைய ஒளி, முன்னே பல நாட்கள் பயனற்றதுபோலத் தோன்றும் கடும் உழைப்பு இருந்தால் மட்டுமே வருகிறது. பின்னே சரிபார்க்கும் உழைப்பும் தேவைப்படுகிறது. இன்னொன்று, அந்த உறுதி சில சமயம் ஏமாற்றிவிடும். அப்படி ஏமாற்றும் எண்ணங்களும் உண்மையாக இருந்திருந்தால் நம் அழகுணர்ச்சிக்கு விருந்தாக இருந்திருக்கும் வகையைச் சேர்ந்தவையே. மனத்தின் அடியாழத்தில் எண்ணற்ற சேர்க்கைகள் உருவாவதாகவும், அவற்றில் இசைவும் அழகும் உள்ளவை மட்டுமே மேலே வருவதாகவும் அவர் ஊகித்தார். ஊகம் என்ற அளவில் இது என்னைக் கவர்கிறது. நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் குறிப்பிட்ட ராமானுஜனையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தம் சூத்திரங்கள் நாமகிரித் தாயாரின் அருளால் வந்தவை என்று அவர் சொன்னதாக அறியப்படுகிறது. அந்த நம்பிக்கையின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் 1913-இல் அவர் ஆங்கிலக் கணிதவியலர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில், முடிவிலாத் தொடர்களையும் தொடர் பின்னங்களையும் பற்றிய வியத்தகு முடிவுகளோடு, ஓர் எல்லைக்கு உட்பட்ட பகா எண்கள் எத்தனை என்று மிகத் துல்லியமாகச் சொல்வதாக அவர் கருதிய முடிவுகளும் இருந்தன. அவை பிழை. பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய ரீமனின் சீட்டா சார்புக்குக் கலப்பெண் (−1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்) சுழியங்கள், அதாவது சார்பின் மதிப்பு சுழியாகும் இடங்கள், இல்லாதிருந்தால் பகா எண்களின் கோட்பாடு எப்படி இருந்திருக்குமோ அதுதான் ராமானுஜனின் கோட்பாடு என்று ஹார்டி பின்னாளில் விளக்கினார். ஊற்று ஒன்று, உறுதி ஒன்று, ஆனால் ஒரு முடிவு மெய், மற்றொன்று பொய். மேதைகளுக்கு மட்டும் நேர்வது அல்ல இது. தவறான நிரூபணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் மாணவரின் முகத்திலும் சரியான நிரூபணத்தோடு வருபவரின் முகத்திலும் ஒரே பொலிவைத்தான் நான் ஆண்டாண்டாகப் பார்த்து வருகிறேன். ஆகையால் என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது இது: ஒளி தோன்றிய விதம், தோன்றியது மெய்யா என்பதற்கே சான்றாகாது, அப்படியிருக்க, அது எந்த உலகிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றாக வழியில்லை. அருளால் வந்தது என்று நம்புபவரை இது மறுத்துவிடவும் இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரத்தை அவர் கணிதத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

கணிதம் நமக்கு வெளியே இருக்கிறது என்பதற்கு, அது நம் விருப்பத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை என்பது இதைவிட வலுவான சான்று. 19-ஆம் நூற்றாண்டுக் கணிதவியலர் ஹாமில்ட்டனின் கதையை இதற்காகவே வகுப்பில் முழுக் கணக்கோடு செய்து காட்டுவேன். கலப்பெண்கள் தளத்தின் புள்ளிகளைக் குறிப்பதுபோல, வெளியின் புள்ளிகளைக் குறிக்கும் மூன்று கூறுகள் கொண்ட எண்களை உருவாக்க அவர் பல ஆண்டுகள் முயன்றார். 1, ஐ, ஜே என மூன்று அலகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ-யின் வர்க்கம் −1. ஐ-யையும் ஜே-யையும் பெருக்கினால் வருவதும் மூன்று கூறுள்ள எண்ணாகவே இருக்க வேண்டும். அதை ப + ம·ஐ + த·ஜே என்போம். ப, ம, த மூன்றும் மெய்யெண்கள். இப்போது இருபுறத்தையும் இடப்பக்கமிருந்து இன்னொரு முறை ஐ-யால் பெருக்குங்கள். இடப்புறம் −ஜே ஆகிறது. வலப்புறத்தில் த-வோடு மீண்டும் ஐ·ஜே வருகிறது. அதற்கு மேலே சொன்ன மதிப்பையே இட்டால், ஜே-யின் கெழு த-வின் வர்க்கம் ஆகிறது. ஆக, த-வின் வர்க்கம் −1. எந்த மெய்யெண்ணுக்கும் அது பொருந்தாது. நான்கைந்து வரிகளில் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. எந்தக் கற்பனையாலும் அதைத் திறக்க முடியாது. 1843 அக்டோபர் 16 அன்று, டப்ளினில் ஒரு கால்வாயின் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது, மூன்றை விட்டுவிட்டு நான்கு கூறுகளுக்குப் போகலாம் என்பது ஹாமில்ட்டனுக்குத் தோன்றியது. அதற்கு விலையாக, பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது என்ற பழைய உரிமையைக் கைவிட வேண்டியிருந்தது. இப்படிப் பிறந்தவை குவாட்டர்னியன்கள். சேர்ப்புப் பண்பையும் (மூன்று எண்களைப் பெருக்கும்போது, வரிசையை மாற்றாமல் எந்த இரண்டை முதலில் பெருக்கினாலும் விடை ஒன்றே என்பது) வகுத்தலையும் காப்பாற்றிக்கொண்டு மெய்யெண்களின் மேல் இப்படி முடிவுறு பரிமாணத்தில் கட்ட வேண்டுமென்றால், ஒன்று, இரண்டு, நான்கு என்ற மூன்று பரிமாணங்களில் மட்டுமே முடியும் என்று ஃப்ரோபீனியஸ் 1878-இல் நிறுவினார்.

இங்கே படைப்பு எது, கண்டுபிடிப்பு எது? வரிசை மாறினாலும் விடை மாறாது என்ற அந்தப் பரிமாற்றுப் பண்பைக் கைவிடத் துணிந்தது ஹாமில்ட்டனின் முடிவு. அப்படிச் செய்யும்படி எந்தத் தேற்றமும் அவருக்குக் கட்டளையிடவில்லை. மூன்று பரிமாணத்தில் வழியில்லை என்பதோ அவர் முடிவு செய்ததல்ல. கணிதப் பொருள்கள் நம்மைச் சாராமல் இருக்கின்றன என்று கொள்ளும் பிளேட்டோவாதிகள் இந்தக் கட்டாயத்தைக் காட்டித்தான், நாம் முட்டிக்கொள்ளும் சுவர் நமக்கு வெளியே இருக்கிறது என்று வாதிடுகிறார்கள். அதற்குச் சொல்லப்படும் மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதல்ல. சதுரங்கத்தின் விதிகளை மனிதர்களே வகுத்தார்கள். ஆனாலும் ராஜாவுக்குத் துணையாக இரண்டு குதிரைகளை மட்டும் வைத்துக்கொண்டு, தனித்து நிற்கும் எதிரி ராஜாவைக் கட்டாயமாக மடக்கிவிட முடியாது என்பது எவர் விருப்பத்துக்கும் உட்படாத உண்மை. அதற்காகச் சதுரங்கம் விண்ணுலகில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. விதியை நாம் வகுத்தாலும் விளைவு நம் கையில் இல்லை என்பதைக் கட்டாயம் காட்டுகிறது. அதற்கு மேல் எதையும் அது தனித்து நின்று காட்டுவதில்லை.

ஆனால் சதுரங்க ஒப்புமையும் ஓரளவோடு நின்றுவிடுகிறது. இத்தாலியக் கணிதவியலர் பாம்பெல்லி 1572-இல் எடுத்துக்கொண்ட ஒரு சமன்பாட்டைப் பாருங்கள்: ஓர் எண்ணின் கனம், அந்த எண்ணின் 15 மடங்கோடு 4-ஐக் கூட்டினால் வருவதற்குச் சமம். 4 என்பது ஒரு விடை என்று பார்த்தவுடன் தெரிகிறது, 64-ம் 64-ம். ஆனால் கார்டானோ 1545-இல் வெளியிட்டிருந்த சூத்திரத்தில் இட்டால், −121-இன் வர்க்கமூலம் நடுவே வந்து நிற்கிறது. அன்றைய கணக்கில் அதற்குப் பொருளே இல்லை. பாம்பெல்லி பின்வாங்காமல் அதைப் பிடித்துக்கொண்டு போனார். 2-ஓடு −1-இன் வர்க்கமூலத்தைக் கூட்டி அதன் கனத்தை எடுத்தால், 2-ஓடு −121-இன் வர்க்கமூலம் கூடியது கிடைக்கிறது. கழித்து எடுத்தால் அதன் இணை கிடைக்கிறது. இரண்டு கனமூலங்களையும் கூட்டும்போது பொருளற்றவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, 4 மிஞ்சுகிறது. ஒரு விளையாட்டின் விதிகள் அந்த விளையாட்டுக்குள் மட்டுமே செல்லும். இங்கோ, யாரும் கேட்காமல் நுழைந்த எண்கள், தமக்கு முற்றிலும் வெளியே இருந்த மெய்யெண் கேள்விக்குச் சரியான விடையைக் கொண்டுவந்து தருகின்றன. மூன்று மெய்த் தீர்வுகள் இருந்தும் காரணிப்படுத்த முடியாத முப்படிச் சமன்பாடுகளை மூலங்களைக் கொண்டு தீர்க்க, கலப்பெண்களைத் தவிர்க்கவே முடியாது என்பதும் 19-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டுவிட்டது.

தத்துவவாதிகள் இவற்றை எப்படி விளக்குகிறார்கள் என்பதில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. தருக்கவியலர் கோடல், கணங்களைப் பற்றிய அடிக்கோள்கள் (நிரூபணமின்றி ஏற்கும் தொடக்கக் கூற்றுகள்) உண்மையென்று தம்மை நம்மீது திணிப்பதால், புலனறிவை ஒத்த ஏதோ ஒன்று நமக்கு அவற்றோடு உண்டு என்றார். காலத்திலும் இடத்திலும் இல்லாத, எதன்மீதும் காரணமாகச் செயல்படாத பொருள்களை நம் மூளை எப்படி அறிகிறது என்று பெனசெராஃப் 1973-இல் எழுப்பிய கேள்விக்கு, எல்லோரும் ஏற்கும் விடை இன்றும் இல்லை. மறுகரையில் டெடிகிண்ட், எண்கள் மனித மனத்தின் சுதந்திரமான படைப்புகள் என்று 1888-இல் எழுதினார். பிரௌவர் இன்னும் தீவிரமாக, மனத்தில் கட்டப்படாத எதற்கும் கணிதத்தில் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்று கொண்டார். அவர் வழியில் போனால் படைப்பாற்றலுக்கு முழு இடம் கிடைக்கும். ஆனால் எந்தக் கூற்றும் மெய்யாகவோ பொய்யாகவோ இருந்தே தீரும் என்ற விதியையும், அதன்மேல் எழுந்த வழக்கமான கணிதப் பகுப்பாய்வின் (நுண்கணிதத்தின் கறாரான வடிவத்தின்) பல நிரூபணங்களையும் இழக்க நேரும். இந்த நிலைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விலையைக் கேட்கிறது. எந்த விலையைக் கொடுக்க மனம் ஒப்புகிறது என்பதைப் பொறுத்தே பலரும் தம் பக்கத்தைத் தேர்கிறார்கள் என்பது என் எண்ணம்.

என் கருத்தைச் சொல்வதானால், இந்தப் பூசலில் தேற்றங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால்தான் முடிச்சு இறுகுகிறது. படைப்பு நிகழும் இடம் பெரும்பாலும் தேற்றம் அல்ல, வரையறை. பன்முகத் திண்மங்களில் முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்து முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 2 வரும் என்று ஆய்லர் 1750-இல் கவனித்தார். கனசதுரத்தில் 8 − 12 + 6. பின்னர் ஒருவர், உள்ளே கனசதுர வடிவில் வெற்றிடம் கொண்ட ஒரு கனசதுரத்தை எடுத்துக்காட்டினார்: 16 − 24 + 12, அதாவது 4. சட்டமிட்ட படம்போல் நடுவில் துளையுள்ள திண்மத்துக்குச் சுழி வருகிறது. இவற்றைத் திண்மங்களே அல்ல என்று விலக்கலாம். தேற்றத்தின் எல்லையைக் குறுக்கிக்கொள்ளலாம். அல்லது, பிழை காட்டும் எண்ணே பரப்பின் வடிவைப் பற்றி ஏதோ சொல்கிறது என்று எண்ணி அதையே ஆராயத் தொடங்கலாம். லகாட்டோஸ் என்ற தத்துவவாதி இந்த வரலாற்றை விரித்துக் காட்டி, நிரூபணமும் மறுப்பும் மாறி மாறி நம் கருத்தாக்கங்களையே திருத்துகின்றன என்றார். மூன்றாம் வழியில் சென்றவர்களிடமிருந்துதான் இடத்தியல், அதாவது வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவப் பண்புகளை ஆராயும் துறை, கிளைத்தது. அந்தக் குடைந்த கனசதுரத்துக்கு 4 வரும் என்பது எவரும் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே மெய். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கத் தக்கது அதுவே என்பதும், விதிவிலக்கு என ஒதுக்கியதை ஆய்வுப் பொருளாக்கலாம் என்பதும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு. கேள்வியை அமைப்பது படைப்பு, அமைத்த கேள்விக்கு விடை நம்மைச் சாராதது என்று கொண்டால், முன்பே இருந்ததென்றால் படைப்பாற்றல் எதற்கு என்ற உங்கள் தடுமாற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

முழுவதும் கரையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். யானோஸ் போயாய் 1823-இல் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், ஒன்றுமில்லாததிலிருந்து விந்தையான ஒரு புதிய உலகைப் படைத்துவிட்டதாகப் பெருமிதத்தோடு சொல்கிறார். அவரை அறியாத லோபசெவ்ஸ்கி 1829-இல் அதே வடிவியலை வெளியிட்டார். ஒன்றுமில்லாததிலிருந்து இருவர் தனித்தனியே படைத்த உலகங்கள் ஒன்றாகவே இருப்பது எப்படி? யூக்ளிடின் இணைகோட்டு அடிக்கோள் என்ற பழைய சிக்கல் இருவருக்கும் பொதுவாக வந்து சேர்ந்ததால், விடையும் பொதுவாயிற்று என்று சொல்லிவிடலாம். அதே வடிவியல், இணைகோடுகளைப் பற்றி எண்ணியே பாராத புவான்காரேயின் சார்புகளுக்குள்ளிருந்து, கூட்டான்ஸ் ஊரின் வண்டிப் படியில் எதிர்ப்பட்டதற்கு அந்த விளக்கம் போதாது. தொடர்பில்லாத திசைகளிலிருந்து கிளம்பியவர்கள் ஒரே கருத்தாக்கத்தில் வந்து சந்திப்பது கணித வரலாற்றில் அடிக்கடி நடக்கிறது. எனவே வரையறைகள் நம்முடைய முடிவுகள் என்றாலும், அவற்றில் சில மற்றவற்றைவிடப் பொருளின் இயல்போடு இசைந்தவை என்று எண்ணத் தோன்றுகிறது. மீவியற்பியல் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான் என்பேன். எண்கள் இருக்கின்றனவா என்பதைவிட, சில கருத்தாக்கங்கள் மட்டும் ஏன் இவ்வளவு விளைச்சல் தருகின்றன என்பது கடினமான கேள்வி. நம் மூளையின் அமைப்பா, நாம் வாழும் உலகின் அமைப்பா, இரண்டையும் சாராத ஏதோ ஒன்றா என்று தீர்த்துச் சொல்லும் வாதம் எதுவும் என்னிடம் இல்லை. புறவயமான உண்மை உண்டு என்பதிலிருந்து புறவயமான பொருள்கள் உண்டு என்பதற்கு ஒரே தாவலில் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் இருக்கிறது.

விடையே நம்மைச் சாராதது என்று மேலே சொன்னதற்கும் ஓர் எல்லை உண்டு. முழு எண்களைவிட அதிகமாகவும் மெய்யெண்களைவிடக் குறைவாகவும் உறுப்புகள் கொண்ட முடிவிலாக் கணம் இல்லை என்பது கேன்ட்டர் முன்வைத்த தொடர்மக் கருதுகோள். கணக் கோட்பாட்டின் வழக்கமான அடிக்கோள்கள் முரணற்றவையென்றால் அவற்றைக் கொண்டு அதை மறுக்க முடியாது என்று கோடலும், நிறுவவும் முடியாது என்று 1963-இல் கோஹெனும் காட்டிவிட்டார்கள். கணங்களின் உலகம் ஒன்றே, அது நிலையானது என்று நம்புபவருக்கு இன்னும் விடை இருக்கிறது. நல்ல அடிக்கோள் ஒன்றைத் தேட வேண்டியதுதான். கணங்களின் உலகங்கள் பல என்பவருக்கு இந்தக் கேள்வி முடிந்துபோன ஒன்று. வல்லுநர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். இந்தப் பகுதி என் துறைக்கு வெளியே இருப்பதால் பக்கம் சேர நான் தயங்குகிறேன்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நம்பிக்கைகள் உதவுகின்றனவா என்றால், உதவியதற்குச் சான்றுகள் இருக்கின்றன. முதல்நிலைத் தருக்கத்தின் முழுமைத் தேற்றம் (எல்லாச் சூழலிலும் மெய்யாகும் கூற்று ஒவ்வொன்றையும் தருக்க விதிகளைக் கொண்டே நிறுவலாம் என்பது) ஏறத்தாழ முழுவதுமாகவே தருக்கவியலர் ஸ்கோலத்தின் 1920-களின் கட்டுரைகளில் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அந்தக் கடைசி அடியை எடுத்து வைத்தவர் கோடல். முடிவிலிகளைப் பற்றிய நியாயங்களை மெய்யாக ஏற்கும் மனப்பாங்கு அன்றைய தருக்கவியலர்களிடம் இல்லாததே அவர்களைத் தடுத்தது என்று, 1967-இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவரே காரணம் சொல்கிறார். இதோடு நிறுத்தினால் பிளேட்டோவாதத்துக்கு வெற்றி என்றாகிவிடும். ஆனால் அதற்கு நேரெதிரான நம்பிக்கையோடு பிரௌவர், தொடர்மத்தை (மெய்யெண்களின் இடைவெளியற்ற தொகுதியை)ப் பற்றி வேறெவரும் எண்ணியிராத ஒரு பகுப்பாய்வையே கட்டி எழுப்பினார். தருக்கவியலர் ஆப்ரகாம் ராபின்சனோ, முடிவிலா முழுமைகள் எந்தப் பொருளிலும் இல்லை என்று 1960-களில் வெளிப்படையாக எழுதியவர். அதே பத்தாண்டில்தான், நூற்றாண்டுகளாகப் பழிக்கப்பட்டு வந்த முடிவிலிச் சிறுமங்களை (சுழியல்லாத, ஆனால் எந்த நேர் மெய்யெண்ணைவிடவும் சிறியவற்றை) முழுக் கறாரோடு கணிதத்துக்குள் மீண்டும் கொண்டுவந்தார். இந்த மூவரில் யாருடைய மீவியற்பியல் சரி என்பதை அவர்கள் சாதித்தவற்றைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. இவர்களுக்கு எதிரே எந்த வழி திறந்திருப்பதாகத் தெரிந்தது, எது அடைபட்டிருப்பதாகத் தெரிந்தது என்பதை மட்டுமே அந்த நம்பிக்கைகள் மாற்றியிருக்கின்றன.